மாரியம்மாவின் சினம்: ‘சார்பட்டா பரம்பரை’ காட்டும் இல்லறக் காதல்

கபிலன் என்னும் பெயர் நம் மாவட்டத்தார்க்குப் புதிதன்று. திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றுக்குள் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்றே மக்கள் இன்றும் வழங்குகின்றனர். சங்கப் புலவருள் குறிஞ்சித் திணையைப் பாடுவதில் தலைசிறந்தவர் கபிலர். மலையும் சுனையும் தினைப்புனமும் சூழ மலர்கின்ற காதலை அவரளவு நுட்பமாகப் பாடியவர் அரியர். அப்பெருமகனார் தம் வாழ்வின் இறுதியை இவ்வாற்றங்கரையிலேயே அமைத்துக்கொண்டார் என்பது தொன்மரபு.

அதே பெயர் தாங்கிய மற்றொரு கபிலனை 2021ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் தமிழுலகம் கண்டது. பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படத்தின் நாயகன் அவன். கொரோனாத் தொற்றினால் திரையரங்குகள் முடங்கிக் கிடந்த காலமாதலின், அமேசான் பிரைம் தளத்தின் வழியே அப்படம் நேரடியாக இல்லங்களுக்கு வந்து சேர்ந்தது. வடசென்னையின் குத்துச்சண்டை மரபைப் பற்றிய படம் என்றும், நெருக்கடி நிலைக் காலத்து அரசியலைப் பேசும் படம் என்றும், ஒடுக்கப்பட்டோரின் தன்மானத்தை உயர்த்திப் பிடிக்கும் படம் என்றும் அதனைப் பலரும் பாராட்டினர். அப்பாராட்டுகள் யாவும் தகுதியானவையே. எனினும் அப்படத்தின் நடுவே ஒரு காதற் கதை இருக்கின்றது. அதுவே அதன் உயிர்நிலை என்பது நம் கருத்து.

அப்படத்தை முதன்முறை பார்த்தபோது நாமும் கையுறைகளின் வீச்சையே கண்டோம். 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நிகழ்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், நம் அன்பியத்தார் சிலருடன் அமர்ந்து மீண்டும் ஒருமுறை அதனைப் பார்த்தோம். அப்போது நம் கண்முன் விரிந்தது முன்பு கண்ட படமன்று. சண்டை மேடை பின்னே நகர்ந்தது. கபிலனின் வீடு முன்னே வந்தது. அவ்வீட்டில் நின்று சினந்து பேசிய மாரியம்மா நம் ஊர்ப் பெண்ணாகவே தோன்றினாள். அவ்வாறு தோன்றிய காரணத்தை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சண்டைக் கதைகளில் காதல்

சண்டைக் கலையை அடிப்படையாகக் கொண்ட திரைப்படங்கள் உலகெங்கும் பல உண்டு. அவற்றுள் காதலுக்குத் தரப்படும் இடத்தைப் பெரும்பாலும் இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, காதல் வீரனுக்குக் கிடைக்கும் பரிசாகும். மற்றொன்று, காதல் வீரன் கொடுக்கும் விலையாகும்.

1976இல் வெளிவந்த ‘ராக்கி’ என்னும் அமெரிக்கப் படம் முதல்வகைக்கு நல்ல சான்று. பிலடெல்பியா நகரின் எளிய குத்துச்சண்டை வீரன் ஒருவன், நாய், பறவை முதலிய வளர்ப்புயிர்கள் விற்கும் கடையில் பணிபுரியும் கூச்சமிக்க பெண்ணை நேசிக்கிறான். இறுதிப் போட்டியில் அவன் புள்ளிக்கணக்கில் தோற்கிறான். ஆனால் முடிவை அறிவிக்கும் ஆரவாரத்தில் அவன் செவி செல்லவில்லை. வீங்கிய கண்களோடு அவளது பெயரையே கூவி அழைக்கிறான். வெற்றியினும் பெரிய பரிசு அவனுக்குக் கிடைத்துவிட்டது. அத்துடன் கதை நிறைவுறுகிறது. அதற்கு அப்பால் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை அந்த முதற்படத்தின் கவலையன்று.

இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்றாக, தைவானில் பிறந்த ஆங் லீ இயக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ என்னும் சீனமொழிப் படத்தைக் கூறலாம். லி மு பாய் என்னும் வாள்வீரனும் ஷு லியென் என்னும் வீராங்கனையும் நெடுங்காலம் ஒருவரையொருவர் உள்ளத்தால் நேசித்தவர்கள். ஆனால் அவள் முன்பு வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். இறந்துபோன அவன் லி மு பாயின் உடன்பிறவாச் சகோதரன். அவனது நினைவுக்கு மாசு நேரலாகாது என்று இருவரும் தம் அன்பை வாய்திறந்து சொல்லாமலே முதிர்கின்றனர். இறுதியில் நஞ்சூட்டிய ஊசியால் வீரன் மாய்கிறான். எஞ்சியிருக்கும் மூச்சைத் தியானத்திற்குச் செலவிட்டு நற்கதி தேடிக்கொள்ளுமாறு அவள் வேண்டுகிறாள். அவனோ அந்தக் கடைசி மூச்சைத் தன் அன்பை அவளிடம் வெளிப்படுத்தவே செலவிடுகிறான். அறத்தின் பெயரால் அடக்கி வைத்த காதல், சொல்லாகிய கணத்திலேயே முடிந்தும் போகிறது. ஷு லியெனாக நடித்தவர் மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்த மிஷெல் யோ. பேசாத அன்பு எத்துணைப் பாரமானது என்பதை அவர் முகம் ஒன்றே உணர்த்திவிடுகிறது.

தமிழிலும் சுதா கொங்கரா இயக்கிய ‘இறுதிச்சுற்று’ 2016இல் வந்தது. பயிற்றுநருக்கும் மீனவப் பெண்ணான மாணவிக்கும் இடையே வளரும் பற்று அதன் கரு. குருபக்தியும் காதலும் ஒன்றில் ஒன்று கலந்து நிற்கும் நிலையை அப்படம் காட்டியது.

‘சார்பட்டா பரம்பரை’ இவற்றினின்று வேறுபடும் இடம் ஒன்றுண்டு. அதன் காதல் மணத்தில் முடிவதில்லை, மணத்தில்தான் தொடங்குகிறது. கபிலனும் மாரியம்மாவும் கணவனும் மனைவியுமாகிய பின்னரே அவர்களது கதைக்கு உண்மையான சோதனை வருகிறது. தாலி கட்டிய காட்சியோடு மங்களம் பாடி முடிக்கும் நம் திரையுலக வழக்கத்தில் இஃது அரியதொரு துணிவு. திருமணத்தை வாழ்நாள் முழுதும் தொடரும் திருவருட்சாதனமாக நம்பும் நமக்கு இக்கதை நெருக்கமாவதற்கு முதற்காரணம் இதுவே.

மேடையும் வீடும்

கதையைச் சுருங்கக் கூறுவோம். ஆங்கிலேயர் வழி வந்த குத்துச்சண்டையை வடசென்னையின் உழைக்கும் மக்கள் தமதாக்கிக்கொண்டனர். சார்பட்டா, இடியாப்பம் எனப் பரம்பரைகள் தோன்றின. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலனுக்கு இளமை முதலே அக்கலையின்மீது தீராத வேட்கை. ஆனால் அவன் தாய் பாக்கியம் அதனைத் தடுக்கிறாள். குத்துச்சண்டை வீரனாயிருந்த அவள் கணவன் அடிதடி வாழ்வுக்குத் திரும்பிக் கொலையுண்டவன். மகனும் அவ்வழியே சென்றுவிடுவானோ என்னும் அச்சம் அவளை விட்டு நீங்கவில்லை. எனினும் ரங்கன் வாத்தியாரின் மானத்தைக் காக்க வேண்டிய வேளையில் கபிலன் கையுறை அணிகிறான். டான்சிங் ரோஸ் என்னும் வியத்தகு வீரனை வெல்கிறான். வேம்புலியை எதிர்க்கும் தகுதியும் பெறுகிறான்.

வேம்புலியுடன் மோதிய போட்டியில் வெற்றி கைக்கெட்டும் வேளையில் பகைவர் மேடைக்குள் புகுந்து கலகம் விளைக்கின்றனர். கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன்னே கபிலனின் ஆடையைக் களைந்து அவனை இழிவுபடுத்துகின்றனர். 1976 சனவரி 31ஆம் நாள் தி.மு.க. அரசு கலைக்கப்பட்ட அரசியல் சூழலும் அந்நேரமே குறுக்கிடுகிறது. ரங்கன் வாத்தியார் சிறை செல்கிறார். அவமானம் தாங்காத கபிலன் ஆயுதம் ஏந்துகிறான்; சிறை செல்கிறான்; மீண்டு வந்து கள்ளச்சாராயத் தொழிலில் இறங்குகிறான்; தானும் குடிக்கு அடிமையாகிறான். ஒருகாலத்தில் செதுக்கியது போலிருந்த உடல் தளர்ந்து பருத்துவிடுகிறது.

ஆடை களையப்படும் அக்காட்சியைக் காணும் கிறிஸ்தவ உள்ளம் சிலுவைப் பாதையின் பத்தாம் நிலையை நினையாமல் இராது. ஒரு மனிதனைத் தோற்கடிப்பது வேறு, அவனை மானமிழக்கச் செய்வது வேறு என்பதை அந்நிலையில் நாம் ஆண்டுதோறும் தியானிக்கிறோம். தோல்வியிலிருந்து ஒருவன் எழுந்துவிடலாம். பலர் முன்னிலையில் அடைந்த வெட்கத்திலிருந்து எழுவது எளிதன்று. படம் குறிப்பாற் காட்டும் சாதிய இகழ்ச்சியும் அவ்வெட்கத்தோடு சேர்ந்துகொள்கிறது. கபிலனின் வீழ்ச்சிக்கு வேர் இங்குத்தான் இருக்கின்றது. அவனால் மனைவியின் கண்களை நேரே நோக்க முடியவில்லை. வெட்கப்பட்டவன் தன்னை நேசிப்பவரிடமிருந்தே முதலில் ஒளிந்துகொள்கிறான். ஏதேன் தோட்டத்து மரங்களின் பின்னே மறைந்து நின்ற ஆதி மனிதன் முதல் இன்றுவரை இதுவே மனித இயல்பு.

ஊடலின் புதுக் கோலம்

ஆரியா கபிலனாகவும் துஷாரா விஜயன் மாரியம்மாவாகவும் நடித்துள்ளனர். மாரியம்மா தமிழ்த் திரை நாம் பழகிவிட்ட மணப்பெண் அல்லள். தலைகுனிந்து நாணி நிற்பதற்கு மாறாகத் தன் மண ஊர்வலத்தில் தானே கொட்டுக்கு ஏற்ப ஆடி வருகிறாள். எண்ணியதை எண்ணியவாறே பேசுகிறாள். கணவன் எந்நேரமும் சண்டை, சண்டை என்று திரிவதைக் கண்டு, மணந்து வந்த தனக்கு அவ்வீட்டில் இடம் எங்கே என்று வாய்திறந்து கேட்கிறாள். அவளது குரல் உயர்ந்த குரல். அவளது மொழி வடசென்னைத் தெருவின் மொழி. சிலர்க்கு அது கரடுமுரடாகத் தோன்றலாம். ஆனால் அக்குரலின் உள்ளீடு நமக்கு மிகப் பழமையானது.

அகப்பொருள் இலக்கணத்தில் மருதத் திணைக்குரிய உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தையை நாடிப் பிரிகிறான். மீண்டு வரும்போது தலைவி வாயில் மறுக்கிறாள். சினத்தின் அளவுக்கேற்பப் புலவி என்றும், ஊடல் என்றும், முதிர்ந்த நிலையில் துனி என்றும் சான்றோர் அதனை வகுத்தனர். திருவள்ளுவரும் தம் நூலின் இறுதி மூன்று அதிகாரங்களைப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்றே அமைத்தார். அறத்தில் தொடங்கிய பெருநூல் மனைவியின் சினத்திலும் அது தணியும் மகிழ்விலும் வந்து நிறைவுறுவது எண்ணி மகிழத்தக்கது.

‘சார்பட்டா பரம்பரை’யில் பரத்தையின் இடத்தை முதலில் குத்துச்சண்டை மேடை பிடித்துக்கொள்கிறது, பின்னர்ச் சாராயம் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் கணவனை வீட்டினின்று பிரிக்கின்றன. முன்னதற்கு மாரியம்மா காட்டும் சினம் ஊடல். அதில் உரிமையும் குறும்பும் கலந்திருக்கின்றன. பின்னதற்கு அவள் காட்டும் சினம் துனி. அதில் நகைக்கு இடமில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைத் துஷாரா விஜயனின் நடிப்பு தெளிவாகக் காட்டுகின்றது. முதற்பாதியில் அவள் குரலோடு கைகளும் உடலும் சேர்ந்தே பேசுகின்றன. பிற்பாதியில் உடல் அடங்கிவிடுகிறது. கண் மட்டும் எரிகிறது.

இரண்டு நிலையிலும் அவள் கணவனை விட்டு விலகும் மனத்தினள் அல்லள். அவன் செயலை ஏற்றுக்கொள்ளவும் இசையாதவள். அவளது காதலின் தனித்தன்மை இதுவே. இறுதியில் கபிலன் அவள் முன்னே உடைந்து அழுகிறான். மேடையில் எத்துணை அடி வாங்கியபோதும் கலங்காதவன் மனைவியின் முன் கலங்குகிறான். நாம் பார்த்த அளவில் படத்தின் உச்சக்காட்சி இதுதான். பின்னர் வரும் வேம்புலியுடனான போட்டியும் வெற்றியும் இதன் விளைவுகளே. மறைந்து நின்றவன் வெளிப்பட்டுவிட்டான். இனி அவன் எழுவதற்குத் தடையில்லை.

மாரியம்மா ஒருத்தியால் மட்டுமே இது நிகழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குத்துச்சண்டையையே வெறுத்த தாய் பாக்கியம், மகன் சாராயத்தில் அழிவதைக் கண்டபின் அவனை மீண்டும் சண்டைக்குப் போகுமாறு ஏவுகிறாள். தன் அச்சத்தைத் தானே வென்றதனால் அவளும் ஒரு வீராங்கனையே. மீண்டும் பயிற்சி தருபவராகக் கடலோரத்தில் வாழும் முன்னாள் வீரர் பீடி ராயப்பன் வருகிறார். ராயப்பர் என்பது பேதுருவுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயரென்பதை நம் வாசகர் அறிவர். மும்முறை மறுதலித்துக் கதறி அழுத மீனவரைத் திபேரியக் கடலோரத்தில் ஆண்டவர் மீண்டும் பணியில் அமர்த்திய நிகழ்ச்சியைப் படித்தவர்க்கு, வீழ்ந்த ஒருவன் கடற்கரையில் ராயப்பன் என்பவரிடம் மீண்டும் பாடம் கற்கும் காட்சி தனியொரு சுவை தரும்.

பொறுமை என்னும் அறிவுரை

இவ்விடத்தில் நம்மைப் பற்றியே ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கின்றது. குடிகாரக் கணவனின் கொடுமையைப் பொறுக்கமாட்டாமல் ஆலோசனை தேடி வரும் பெண்ணிடம் நாம் பொதுவாக என்ன கூறுகிறோம்? பொறுத்துக்கொள், செபம் செய், ஒருநாள் மனம் மாறுவான் என்கிறோம். புனித மோனிக்காவின் கண்ணீரை எடுத்துக்காட்டுகிறோம். அறிவுரை தவறன்று, ஆனால் அது பாதி அறிவுரை.

புனித அகுஸ்தினார் தம் அன்னையைக் குறித்து எழுதியவற்றை முழுமையாகப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். மோனிக்கா தம் கணவரின் கடுஞ்சினத்தைப் பொறுமையால் வென்றவர் என்பது உண்மை. ஆனால் மகன் மானிக்கேயரின் தவறான கொள்கையில் விழுந்தபோது, தம்மோடு ஒரே பந்தியில் உண்ணவும் ஒரே வீட்டில் தங்கவும் அவர் அவனுக்கு இசைவு மறுத்தார் என்பதும் உண்மை. கனவில் பெற்ற ஆறுதலுக்குப் பின்னரே கதவைத் திறந்தார். பின்னர் மகன் தம்மை ஏமாற்றிக் கப்பலேறியபோது, கடல் கடந்து மிலான் வரை பின்தொடர்ந்தார். அவரது கண்ணீர் மூலையில் அமர்ந்து வடித்த கண்ணீரன்று. அதற்குள் மறுப்பும் உண்டு, விடாப்பிடியும் உண்டு.

மாரியம்மா மோனிக்காவைப் போன்ற புனிதை அல்லள். திரைப்படம் அவளை அவ்வாறு காட்டவும் இல்லை. ஆயினும் நாம் மறந்துவிட்ட மறுபாதியை அவள் நினைவூட்டுகிறாள். அன்பு சினமடையாது என்று எண்ணுவது பிழை. எவன் கெட்டாலும் நமக்கென்ன என்றிருப்பவர்க்குத்தான் சினம் வராது. கணவன் தன்னைத்தானே அழித்துக்கொள்வதைக் கண்டும் அமைதியாகச் சோறு பரிமாறுபவளைப் பொறுமைசாலி என்று போற்றுவதில் நமக்கும் ஒரு வசதி இருக்கின்றது. அவள் வாய்திறவாதவரை நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாரியம்மாவின் கூக்குரல் அவ்வசதியைக் கலைக்கின்றது. அதனால்தான் அவள் பலர்க்கு அடங்காதவளாகத் தோன்றுகிறாள்.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் விடலாகாது. மாரியம்மாவுக்கெனத் தனியானதோர் உலகத்தைப் படம் அமைத்துத் தரவில்லை. அவளது மகிழ்ச்சி, சினம், துயரம் யாவும் கபிலனைச் சுற்றியே அமைகின்றன. அவன் சிறையிலிருந்த காலத்தில் அவள் எவ்வாறு வாழ்ந்தாள், எவருடன் பேசினாள், என்ன கனவு கண்டாள் என்பவற்றைப் படம் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படத்தில் சண்டைகளுக்குக் கிடைத்த நிதானம் அவளது தனிமைக்குக் கிடைக்கவில்லை. கபிலனின் வீழ்ச்சியும் தாவித் தாவியே சொல்லப்படுகிறது. மெல்ல மெல்லக் குடி ஒரு வீட்டை அரிப்பதைக் காண நமக்கு வாய்ப்பில்லை; அரித்து முடித்த பின்னரே காண்கிறோம்.

படம் நுழையாத வீடுகள்

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதனை நாமாகக் கண்டுபிடிக்கவில்லை. உடன் அமர்ந்து படம் பார்த்த மூத்த தாய் ஒருவர், இறுதிப் போட்டியின் ஆரவாரம் அடங்கிய பின் மெல்லக் கேட்டார்: “இவன் எழுந்துட்டான், சந்தோசம். இவன்கிட்ட வாங்கிக் குடிச்சவன் எழுந்தானா?”

அவ்வினாவிற்கு நம்மிடம் விடையில்லை. படத்திலும் இல்லை.

கதை நிகழும் காலத்தை எண்ணிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் கடைகள் மூடப்பட்டன. 1981இல் மறுபடியும் திறக்கப்பட்டன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமாகிய டாஸ்மாக் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதுவே மேற்கொண்டது. கபிலன் சாராயம் விற்பது 1974க்கும் 1981க்கும் இடைப்பட்ட மதுவிலக்குக் காலம். அக்காலத்தில் காய்ச்சி விற்கப்பட்ட சாராயத்திற்கு எவ்விதச் சோதனையும் இல்லை. குடித்தவனின் நல்லூழே அவனுக்குக் காவல். கபிலனின் சரக்கைக் குடித்தவர்கள் யார்? அவனைப் போன்றே மூட்டை தூக்கியவர்கள்; அவனது சண்டையைக் காணத் திரண்டு ஆரவாரித்தவர்கள். அவர்களுக்கும் வீடுகள் இருந்தன. அவ்வீடுகளிலும் மாரியம்மாக்கள் இருந்தனர். அவ்வாசல்களுக்குள் படம் நுழைவதில்லை.

சென்னையில் அமர்ந்து பார்ப்பவர்க்கு இஃது ஒரு கதைக்குறையாகத் தோன்றாமலும் போகலாம். கள்ளக்குறிச்சியில் அமர்ந்து பார்ப்பவர்க்கு அவ்வாறு இயலாது. 2024 சூன் 19ஆம் நாள் தொடங்கி இந்நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குச் செல்வோர். பெண்களும் அவர்களுள் உண்டு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மரிலும், சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும் இடமின்றித் தவித்த அந்நாட்களை எவரால் மறக்க இயலும்? கண்பார்வை மங்கியவர், ஒரே தெருவில் அடுத்தடுத்துக் கிடத்தப்பட்ட உடல்கள், தந்தையையும் தாயையும் ஒருங்கே இழந்து நின்ற பிள்ளைகள் என அத்துயரம் விரிந்தது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாயும், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு அகவை வரை மாதம் 5,000 ரூபாயும் அரசு அறிவித்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மலையில் சாராய ஊறல்கள் அழிக்கப்பட்ட செய்திகள் நாளேடுகளில் நிறைந்தன. காய்ச்சுவதைத் தவிர வேறு பிழைப்புக்கு வழியில்லாதவர்களின் கதையும் அச்செய்திகளுக்குள் அடங்கிக் கிடந்தது.

இவற்றை எண்ணும்போது கபிலனின் சாராயக் காலம் அவனது வீரவாழ்வில் குறுக்கிட்ட ஒரு கறையாக மட்டும் நமக்குத் தோன்றவில்லை. அக்கறை அவன் சட்டையோடு நின்றதா? குடிப்பழக்கம் ஒருவனின் தனிப்பட்ட குறையாக இருக்கலாம். சாராயம் விற்றல் பிறர் இல்லங்களைத் தீண்டும் குற்றம். படம் முன்னதை மனத்தில் பதியுமாறு தண்டிக்கிறது. பின்னதை மெல்லக் கடந்து செல்கிறது. மனைவி மன்னித்தாள், தாய் ஏற்றுக்கொண்டாள், மேடை வாழ்த்தியது. அத்துடன் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நாமும் கைதட்டி எழுந்துவிடுகிறோம்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கற்ற பாடம் இதற்கு உடன்படாது. மனத்துயர் உண்டு, பாவ அறிக்கை உண்டு; அவற்றோடு பரிகாரமும் உண்டு. அத்திமரத்திலிருந்து இறங்கி வந்த சக்கேயு கண்ணீரோடு நின்றுவிடவில்லை. தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றிப் பெற்றதை நான்மடங்காக உரியவர்க்கும் தருவதாக வாக்களித்தான். மீட்பு அவன் வீட்டுக்கு வந்தது. ஆனால் அவன் வீட்டோடு அது நின்றுவிடவில்லை. அவனால் துன்புற்ற வீடுகளுக்கும் அது சென்றது.

திரைக்கலைக்கு மறையுரையின் கடமையைச் சுமத்துவதா என்று சிலர் வினவலாம். சுமத்தவில்லை. கபிலன் ஒவ்வொரு வீடாகச் சென்று கைகூப்பியிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. அவ்வாறு காட்டியிருந்தால் அது செயற்கையாகவும் முடிந்திருக்கக்கூடும். நாம் வேண்டுவது ஒரு பார்வை மட்டுமே. அவனால் குடிகெட்ட ஒருவனின் மனைவி, தெருமுனையில் நின்று, மாரியம்மாவைப் பார்க்கும் ஒரு பார்வை. அந்த ஒரு பார்வை இருந்திருக்குமாயின் மாரியம்மாவின் சினம் தன் வீட்டுக்கான சினமாக நின்றிராது; தெருவுக்கான சினமாக வளர்ந்திருக்கும். காதற் கதை அதனால் குறைவுபட்டிராது, முதிர்ந்திருக்கும்.

இரண்டு கபிலர்கள்

தொடங்கிய இடத்திற்கே மீள்வோம். திருக்கோவலூர்க் கபிலர் காதலைப் பாடியதோடு அமைந்தவர் அல்லர். பறம்புமலைத் தலைவனாகிய பாரி மூவேந்தரின் சூழ்ச்சிக்கு இரையானபின், தந்தையை இழந்து நின்ற அவன் மகளிரைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். அவர்களை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் வேண்டி நின்றார்; இருவரும் மறுத்தபின்னும் தளரவில்லை. அம்மகளிர்க்குப் பாதுகாப்பான இடம் தேடித் தந்த பின்னரே தம் நண்பனைத் தொடர்ந்து உயிர்துறக்கத் துணிந்தார். காதலின் நுட்பங்களையெல்லாம் அறிந்த அப்புலவர், அன்பின் எல்லை தன் வீட்டு வாசலோடு முடிவதில்லை என்பதையும் அறிந்திருந்தார். பிறர் பிள்ளைகளின் வாழ்வை நிறுத்திய பின்பே தம் துயரத்திற்கு நேரம் ஒதுக்கினார்.

திரைப்படத்துக் கபிலன் அத்துணைத் தொலைவு வரவில்லை. ஆனால் பாதித் தொலைவு வந்திருக்கிறான் என்பதை மறுக்கலாகாது. அவமானத்தில் ஒளிந்துகொண்ட ஆண், மனைவியின் சினத்தால் வெளியே கொணரப்பட்டு, அவள் முன் அழுது, எழுந்து நிற்கிறான். சண்டைப் படங்கள் பலவற்றில் காணக்கிடைக்காத உண்மை இது. பரிசாகவோ விலையாகவோ அமையாமல், மனிதனை மனிதனாக்கும் கண்டிப்பாகக் காதலைக் காட்டியமைக்காக இயக்குநரைப் பாராட்டுகிறோம். இப்படத்தை இல்லத்தார் கூடியிருந்து பார்க்கலாம், பார்த்தபின் பேசலாம். குறிப்பாக ஆண்கள் பார்க்க வேண்டும்.

மீதித் தொலைவு திரைக்கு வெளியே, நம் ஊரில் கிடக்கின்றது. தென்பெண்ணைக்கு நடுவே கபிலர் குன்று இன்றும் நிற்கின்றது. கருணாபுரத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இருக்கின்றனர். மாதந்தோறும் வரும் தொகை அவர்களது வயிற்றைக் கவனித்துக்கொள்ளும். பள்ளி விட்டு வரும் மாலையில் அவர்களை எதிர்நோக்கி வாசலில் நிற்பவர் யார் என்பதை அத்தொகை கவனித்துக்கொள்ளாது. அடுத்த அன்பியக் கூட்டத்தில் அவ்வினாவை எடுத்துக்கொள்வதென அம்மூத்த தாயிடம் வாக்களித்துப் பிரிந்தோம்.